ஐந்து கோடு

ஜலீபில் ஒரு கோடு. அதுவும்
குளியலறை ஜன்னலில் கை நீட்டினால்.
சால்மியாவில் புது டவர்; பிரியாணியோடு போனால்
லிஃப்டுக்குள்ளும் ஐந்து கோடு.

"உங்கள் பகுதிக்கும் விரைவில்" என்கிறாள்
கஸ்டமர் கேர் பெண், போன நோன்பிலிருந்து.
பொறுமைக்கு நன்றியாம்.
நானெங்கே கொடுத்தேன், அவளே எடுத்துக்கொண்டாள்.

இன்று பதினான்காம் மாடிக்காரர்
ஆறு நிமிஷம் லேட் என்று கதவைச் சாத்தினார்.
இறங்கிவந்து, பைக்கை ஓரங்கட்டி
செண்பகவல்லியைக் கூப்பிட்டேன்.
உறையாமல், உடையாமல் வந்தாள்.
இத்தனை மாதம்
நெட்வொர்க் கோளாறு என்று நான் நினைத்த நிழல்
அவள் கண்ணுக்குக் கீழேயே இருந்தது.

"சத்தமே காணோம்... சிக்னல் இல்லையா?"

"ஆமா, இங்க கொஞ்சம் மோசம்" என்றேன்,
ஐந்து கோடும் நிமிர்ந்து நிற்க.