செங்குத்துக்கோட்டுச் சோதனை

முதல் நாள் கொடுத்த தாளில் இரண்டு பக்கமும் அச்சு.
வருகை எழுபத்தைந்து சதவீதம்.
ஒப்படைப்பு ஐந்து, உள்தேர்வு இரண்டு.
ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு மதிப்பெண் போகும்.
கால்குலேட்டர் கூடாது.
கிராப் நோட்டு அவரவர் செலவு.
முன்தேவை பத்தாம் வகுப்புக் கணக்கு,
மறந்தவர்களுக்கு முதல் இரண்டு வாரம்.

நான் மறந்து பதினோரு வருடம்.

சுபாஷினி மேடத்துக்கு என்னைவிட ஒரு வயது குறைவு.
அவினாசியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார்.
"சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுருங்க" என்றார்.
யாரும் கேட்கவில்லை.
நான் தாளின் ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்:
வாரம் மூன்று வகுப்பு, இருபது வாரம், அறுபது.
வந்தே ஆகவேண்டியது நாற்பத்தைந்து.
ஷிப்மென்ட் வாரம் மாதத்துக்கு ஒன்று,
அப்போதெல்லாம் ஒன்றரை ஷிப்ட்,
ராத்திரி எட்டரைக்குத்தான் கேட் திறக்கும்.
ஐந்து மாதம், ஐமூன்று பதினைந்து.
கணக்கு அச்சாக நின்றது.
காய்ச்சலுக்கு மட்டும் அதில் இடமில்லை.

செக்கிங் டேபிளில் நாளைக்கு அறுநூறு பனியன்
என் கண்ணுக்குக் கீழே போகிறது.
எண்ணெய்க் கறை, ஓட்டை, விட்டுப்போன தையல்,
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
அதனால்தானோ என்னவோ
காரணிப்படுத்துவது சீக்கிரம் பிடிபட்டது.
பெருக்கினால் ஆறு, கூட்டினால் ஐந்து,
தேடிப் பிடிக்கிற வேலைதானே.
மைனஸ் அடுக்குதான் படுத்தியது.
ரூமில் பூங்கோதை தூங்கியபிறகு
செல்போன் வெளிச்சத்தில்
எண் ஏன் குறையாமல் தலைகீழாகிறது என்று
பதினொன்றரை வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் வாரம் சார்பு.
மேடம் பலகையில் பெட்டி வரைந்தார்.
உள்ளே ஒன்று போட்டால் வெளியே ஒன்று,
ஒன்றே ஒன்று.
நான் கை தூக்கியது அன்றுதான்.
"ஏனுங்க மேடம், ஒண்ணு போட்டு ரெண்டு வந்தா?"
"அப்ப அது சார்பு இல்லீங்க்கா."
வளைவின்மேல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து
மேலிருந்து கீழே கோடு இழுத்தார்.
இரண்டு இடத்தில் வெட்டியது.
"ஒரே ஒரு கோடு இப்படி வெட்டினாப் போதும்."

ஒப்படைப்பு இரண்டு, கேள்வி ஆறு:
அன்றாட வாழ்விலிருந்து சார்பு அல்லாத ஒன்றைக் காட்டுக. வரைபடம் தேவை.

பக்கத்து பெஞ்சு நாகநந்தினி பஸ் கட்டணம் எழுதினாள்.
அதே தூரம், டவுன் பஸ்ஸில் சும்மா,
மினி பஸ்ஸில் பத்து ரூபாய்.
நான் ஞாயிற்றுக்கிழமை
துவைத்ததை மாடியில் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.
கிடை அச்சில் மணி, நெடுக்கில் ரூபாய்.
எட்டு மணிக்கு நானூற்று எண்பது, ஒரு புள்ளி.
பன்னிரண்டுக்கு இரண்டு:
ஆடிட்டுக்கு வருகிறவர்கள் புரட்டும் புத்தகத்தில்
தொள்ளாயிரத்து அறுபது,
சனிக்கிழமை குழந்தைவேலு எண்ணித் தரும் கவரில்
எழுநூற்று இருபது.
ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று
சுவரில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டியிருக்கிறது.

பன்னிரண்டில் கோடு போட்டேன்.
மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு.
நடுவில் இருநூற்று நாற்பது ரூபாய்
வெறும் கட்டங்களாகக் கிடந்தது.
சுடிதார்க் கையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த
அம்பு ஸ்டிக்கரை அங்கே ஒட்டினேன்.
பிறகு பிய்த்தேன். பசை நின்றுவிட்டது.

நோட்டுக் கட்டை ஸ்டாப் ரூமுக்குத் தூக்கிப்போவது
மூன்றாம் பெஞ்சு தினகரன்.
எங்கள் மெர்ச்சண்டைசருக்குத் தம்பி.
ரப்பர் எடுத்து மணியை அழித்தேன்,
ரூபாயை அழித்தேன்.
ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு வெளியீடு,
ஆகவே சார்பு அல்ல, என்று எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது.
பத்துக்கு எட்டு.
கீழே பச்சை மையில்:
"காரணம் சரி. இது வாழ்வில் எங்கே நடக்கிறது?
அச்சுகளுக்குப் பெயர் எழுதவும்."

வருகைப் பதிவில் என் எண்ணைக் கூப்பிட்டார்கள்.
பன்னிரண்டாவது முறையாக
உள்ளேன் என்றேன்.