நூற்று எழுபது பாகை

இரண்டு றப்பர் காது வைத்த கறுப்புத் தலை.
கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை, ஒரு முக்காலி.
கிரான்குளம் போகும் வழியெல்லாம்
ஓட்டோக்காரர் தவேந்திரன் கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்து
"மிஸ், சாரத்தால மூடுங்களன்" என்றார்.
மூடினேன். மறுகா அது இன்னும் மோசமாய் இருந்தது.

நாட்டின் பெயர் சொல்லாத கம்பனி.
வேலைத்தாளில் ஒரே வரி:
வெப்ப வலயம், கடலோரக் கிராமம், இரவு.
படையினர் கண்ணில் கவசம் மாட்டிக்கொண்டு
எங்கேயோ ஒரு வெறும் மண்டபத்தில் நின்றபடி
இந்த ஊருக்குள் தேடுவார்களாம்.
படம் அவர்கள் கீறுவார்கள். சத்தம் நான்.

இரவு இரண்டு மணி. சவுக்கந்தோப்பில் தலையை நட்டுவிட்டு
மூச்சடக்கி இருந்தேன்.
கடல், வலப்பக்கம், தாழ.
நாய், மதிலுக்கு அங்கால்.
ஒரு வீட்டில் யாரோ இருமி, தண்ணி குடித்து,
செம்பைக் கவிழ்த்து வைத்தது.
அதையும் எடுத்தேன். கேளாமல்தான் எடுத்தேன்.
வாவி மீனின் சத்தமும் அனுப்பிப் பார்த்தேன்.
"இதற்கு ஆபத்துப் பெறுமதி இல்லை" என்று பதில்.

காலடிக்கு ஆள் கிடைக்கவில்லை.
நானே நடந்தேன், தலைக்குப் பின்னால் பன்னிரண்டு எட்டு,
குருமணலில்,
வார் தளர்ந்த இடது செருப்பு சற்றே இழுபட.

கல்லடியில், பாமசிக்கு மேல் அறையில், மிச்ச வேலை.
ஒவ்வொரு சத்தத்துக்கும் பாகை, உயரம், தூரம்.
இடக்காதுக்கு முந்தி, வலக்காதுக்குப் பிந்தி;
அந்த இடைவெளி ஒரு மில்லிசெக்கன்கூட இல்லை,
திசை அதற்குள் இருக்கிறது.
நேர் முன்னும் நேர் பின்னும் மட்டும்
காது ஏமாறும். இரண்டு காதுக்கும் ஒன்றாய் வந்து சேரும்.
கொஞ்சம் கிறுக வேணும். கிறுகினால்தான் தெரியும்.

எட்டு வயதில், பங்கருக்குள்,
போறதா வாறதா என்று முதலில் சொல்வது நான்தான்.
எல்லாரும் என் வாயைப் பார்த்தபடி இருப்பார்கள்.
ஒரு தரம் மட்டும் பிழைச்சுப் போச்சு.

நேற்று அறிக்கை வந்தது.
சத்தம் பதினேழு. காலடி. நூற்று எழுபது பாகை.
பயிலுநர் முப்பத்தொரு பேர்.
திரும்பிச் சுட எடுத்த நேரம், சராசரி,
ஒன்று தசம் ஒன்று செக்கன்.
திரும்பியும் சுடாதவர் நாலு பேர்:
ஆறு, பதினொன்று, இருபது, இருபத்தாறு.
அவர்களுக்கு மறுபயிற்சி.
கீழே ஒரு வேண்டுகோள்:
செருப்பு இழுபடுவதை எடுத்துவிட முடியுமா?
அது ஆளை யோசிக்க வைக்கிறது.

மிச்சக் காசு இதை முடித்தால்தான்.
கோப்பைத் திறந்தேன்.
ஒன்றுவிட்ட ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு சின்ன வால்.
வெட்டுவது சுகம், நாலு நிமிட வேலை.
ஹெட்போனை மாட்டினேன்.

பின்னால் நான் வந்துகொண்டிருந்தேன்,
இடது காலை இழுத்து இழுத்து.