கேட் பஜ்ஜி

தோற்றால் பஜ்ஜி.
எங்கள் வீட்டுச் சட்டம் இது.
நாங்கள் யாரும் இயற்றவில்லை,
நீடாமங்கலம் ரயில்வே கேட் இயற்றியது.

முதல் தோல்வி மன்னார்குடியில்.
முப்பத்தைந்துக்குப் பதினொன்று.
டிவிஎஸ்ஸின் பின்னால் தையல்நாயகி
என் சட்டையில் மூக்கைத் துடைத்தபடி வந்தாள்.
கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டியின் எஞ்சின் இந்தப் பக்கம் கழன்று
அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ள
முக்கால் மணி நேரம்.
என்ன பேசுவதென்று தெரியாமல்
இரண்டு தட்டு வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன்.
மூன்றாவது பஜ்ஜியில் அழுகை நின்றது.

பிறகு எங்கே தோற்றாலும் அங்கேதான்.
பாபநாசத்தில் தோற்ற அன்று
வழியிலேயே இல்லாத கேட்டுக்கு
சுற்றிக்கொண்டு போனோம்.
ஜெயித்தால் நேராக வீடு, ஆறிய இட்லி.
அக்கா தோற்கட்டும் என்று
வலங்கைமான் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டதை
தம்பி முகிலரசன்
ஒருநாள் அவனே உளறிவிட்டான்.

எனக்குப் பூப்பந்து தெரியாது.
கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரம் பார்ப்பவன்.
பதினேழைத் தாண்டினால்
திரும்பக் காயப்போடச் சொல்வேன், திட்டு வாங்குவேன்.
ஆனால் சாயங்கால ஆட்டத்தில் பனி இறங்கி
மஞ்சள் கம்பளிப் பந்து கனப்பதை
கோட்டுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவேன்.
"ஈரம்! ஈரம்!" என்று கத்துவேன்.
கோச் திரும்பி முறைப்பார்.

காசு மிச்சமென்று
மட்டைக்கு நரம்பு கட்டவும் கற்றேன், போனைப் பார்த்து.
முதல் மட்டை முறம் மாதிரி முறுக்கிக்கொண்டது.
"கட்டில் கயிறு தொங்குது,
அதைக் கட்டினா புண்ணியமாப் போவும்" என்றாள் கலாவல்லி.
ஏழாவது மட்டையில்
நரம்பைச் சுண்டியதும் ஒரு சத்தம் வந்தது பாருங்கள்.
நடுராத்திரி எழுந்து
இன்னொரு தரம் சுண்டிப் பார்த்தேன்.

போன தை, மூட்டைகள் மலையாய் நின்ற வாரம்,
"அப்பா, அடுத்த வருஷம் ஆடலை" என்றாள்.
அடி கிடி பட்டுச்சா? இல்லை.
படிப்பா? இல்லை.
யாரும் ஏதாவது சொன்னாங்களா? இல்லப்பா.
"நல்லாத்தான் இருந்துச்சு. போதும்னு தோணுச்சு."
நெல்லாக இருந்தால்
ஒரு கைப்பிடி மீட்டரில் போட்டுப் பார்த்திருப்பேன்.

பெட்ரோல், ஷூ, போட்ட லீவு
எல்லாம் கூட்டிப் பார்த்தேன். வலிக்கவில்லை.
வலித்தது வேறு:
தூக்கத்தில் என் முதுகில் சாய்ந்து
கோவில்வெண்ணி வரைக்கும் ஒருமுறை
தப்பான வழியில் போகவைத்த அந்தக் கனம்.
ஜெயி ஜெயி என்று தொண்டை கிழியக் கத்திய நாளிலும்
கேட் மூடியிருக்கட்டும் என்று
உள்ளே ஒருவன் நினைத்துக்கொண்டிருந்தான்.
முகிலை மட்டும் ஏன் திட்டினேன்?

ஸ்கோர் நோட்டை எடுத்து வைக்கப் போனேன்.
முன்பக்கம் முழுக்க என் எழுத்து,
தேதி, ஊர், புள்ளி.
பின்பக்கத்திலிருந்து அவள் எழுத்து.
ஐந்து இலக்க எண்கள்,
பக்கத்தில் டீசல், கரண்ட், இத்தனை பெட்டி.
கேட்டில் நின்ற ஒவ்வொரு எஞ்சினும்.
அழுத அன்றைக்கும் ஒன்று,
கொஞ்சம் கலைந்த மையில்.

பக்கத்துத் தெருப் பிள்ளைகள்
இப்போதும் அறுந்த மட்டையோடு வருகிறார்கள்.
ஆட்டத்தை விட்டது அவள்.
நான் விடவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள்.
"அஞ்சே காலுக்கு நெல்லு ரேக் ஒண்ணு கிளம்புது, வரியா?"
மூன்று பேரும் கேட்டில் நின்றோம்.
நாற்பத்திரண்டு பெட்டி என்றாள் எண்ணாமலே.
அதில் எதிலோ என் பதினேழு.

முகில் எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பொறுக்க முடியாமல் கேட்டான்,
"இன்னைக்கு யாரு தோத்தா?"

நோட்டிலிருந்து தலை தூக்காமல்
தையல் சொன்னாள்:
"அப்பா.
ரெண்டு தட்டு வாங்கு."