நாலு பேருக்கான படகு

பெடல் போட்டில் நாலு இருக்கை.
நாங்கள் ஐந்து பேர்.
சின்னவனை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றதற்கு
டிக்கெட் கிழிப்பவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை:
"தலைக்கு ஒரு ஜாக்கெட், ஜாக்கெட்டுக்கு ஒரு சீட்டு."
பெஸ்கி என்னைப் பார்த்தார்.
நான் பைகளைப் பார்த்தேன்.
முடிவாகிவிட்டது.

ஜெனோவா முன்னால், திருப்புகிற கம்பியைப் பிடிக்க.
ஆல்வினுக்குக் கால் எட்டாத பெடல்.
லியானுக்கு ஆரஞ்சு ஜாக்கெட் காதுவரை ஏறி
உரிக்கப்போகிற கமலாப்பழம்போல உட்கார்ந்திருந்தான்.
வத்தலக்குண்டு தாண்டியதிலிருந்து
ஒரு வளைவு விடாமல் வாந்தியெடுத்தவன்
இப்போது எனக்கு டாட்டா காட்டுகிறான்,
கப்பலேறிப் போகிறவன் தோரணையில்.

அரை மணி நேரம்.

தோளில் மூன்று ஸ்வெட்டர், ஒரு ஃபிளாஸ்க்,
நமுத்த பிஸ்கட், நனைந்த காலுறை ஒரு ஜோடி.
துப்பட்டாவின் நுனியை மட்டும்
எட்டு வருடத்தில் முதன்முறையாக
யாரும் பிடித்திருக்கவில்லை.
காற்று அதை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டது.

வேகவைத்த சோளம் ஒன்று கேட்டேன்.
"காரம் கம்மியா? பிள்ளைங்களுக்குங்களா?"
"எனக்கு."
மிளகாய்த்தூளுக்கு முன்பே
அந்தச் சொல் நாக்கில் எரிந்தது.
முழுக் கதிர்.
யாருக்கும் உதிர்த்துத் தராமல், ஊதி ஆற்றித் தராமல்,
தட்டை மிஞ்சும்வரை தின்றேன்.

"மேடம், ஒரு ரவுண்டு?" என்றார் குதிரைக்காரர்.
குதிரையும் நானும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
இரண்டு பேர் மேலும் சாமான்.

அப்போதுதான் மேகம் இறங்கியது,
பால் பொங்கி அடுப்பில் வழிகிற அவசரத்தில்.
எதிர்க்கரை மரங்கள் போயின.
வாத்துகள் போயின.
பன்னிரண்டாம் எண் மஞ்சள் படகு
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
எச்சில் தொட்டுத் துடைத்த சிலேட்டு.

ரேஷன் கார்டில் என் பெயர் நீங்கலாக
எல்லாப் பெயரும் அதற்குள்.

பயம் வர வேண்டும்.
வந்தது.
ஆனால் அதற்கு ஒரு விரற்கடை முன்னால்
வேறொன்று வந்து நின்றுகொண்டது.
அதற்குப் பெயர் வைக்க மாட்டேன்.
கல்லூரி விடுதி மொட்டைமாடியில்
காய்ந்த துணி எடுக்கப் போனவள்
துணியை மறந்து நின்ற ஒரு சாயங்காலம்,
அந்த மாதிரி.

"ம்மா..."

வெள்ளைக்குள்ளிருந்து.
கரையில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினோம்.
சோளக்காரி, சாக்லேட் கடைக்காரி,
மருதாணி இன்னும் மங்காத ஒரு புதுப்பெண்கூட.
எனக்குத் தெரியும், அது லியான்.
அவனுடைய 'ம்'மில் எப்போதும் ஒரு மூக்கடைப்பு.

ஒன்று.
இரண்டு.
மூன்றுவரை எண்ணினேன் என்பதைப்
பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லப்போவதில்லை.
பிறகு
"இங்கதாண்டா! லியான்! இங்கதான் இருக்கேன்!" என்று
குதிரை மிரளக் கத்தினேன்.

படகு பின்பக்கமாக வந்து கரையில் முட்டியது.
பெஸ்கிக்கு முழங்கால் போய்விட்டது.
"நான் ஒருத்தன் மிதிக்க, மூணு பேர் ஊர் சுத்துறாங்க."
ஆல்வின் ஒற்றைச் செருப்போடு இறங்கினான்.
இன்னொன்று?
"மீனுக்குக் குடுத்துட்டேன்."
மீனுக்குக் கால் ஏதுடா என்றாள் ஜெனோவா.
"அதான் ஒண்ணு மட்டும் குடுத்தேன்."

லியான் பேசவில்லை.
ஜாக்கெட்டைக் கழற்றுகிற என்னை
உச்சியிலிருந்து பாதம்வரை அளந்தான்.
"நீ சின்னதா இருந்த."
எவ்ளோ?
கட்டைவிரலை நிமிர்த்தினான்.
"இப்படி வச்சேன்னா நீ இல்ல.
எடுத்தேன்னா இருந்த."

அழுதியா?

"இல்ல. நெறைய தடவ வச்சேன்."

நாயுடுபுரத்து அறையில்
வாளி வெந்நீர் ஆறுவதற்குள் மூவரையும் துடைத்து
ஒரே ரஜாயின் கீழ் அடுக்கினோம்.
செருப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தபடி
பெஸ்கி குறட்டைவிட்டார்.
அந்தக் கட்டைவிரலைத்தான்
வாயில் போட்டுக்கொண்டு தூங்கினான் லியான்.

எனக்குக் கடைவாய்ப் பல்லிடுக்கில்
ஒரு சோளத்தோல்.
நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி
வெகுநேரம் விழித்திருந்தேன்,
எடுக்காமல்.