இரண்டரை அங்குலம்

ஐந்து மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
மில்லுக்காரர் சாவியை நீட்டினார்.
அதில் ஓடக்கூடிய நிலையில் இருந்தது
சாவி மட்டும்தான்.

டட்சன் பிக்கப். எண்பத்திரண்டாம் ஆண்டுப் பிறப்பு,
என்னைவிடப் பதினொரு வயது மூப்பு.
பரந்தன் சந்தியிலிருந்து உமையாள்புரம் வரைக்கும்
உழவு மெசினில் கட்டி இழுத்துவந்தோம்.
பின்பெட்டி நிறைய உமி,
உமிக்குள் ஒரு கோழி, ஆறு முட்டை.
ரஜிதா கொப்பியை எடுத்தாள்,
முதல் வரவு: முட்டை ஆறு.

காலடித் தகடு அரித்துப்போய்
இருக்கையிலிருந்து பார்த்தால் ரோட்டு.
நிவாரண வீட்டுக் கூரையில் மிஞ்சின தகரத்தை வெட்டினேன்.
"மெல்லிசு, நெருப்பு வைச்சா ஓட்டை விழும்" என்றான் குணாளன்.
வெல்டிங் இல்லாமல் றிவெட்.
நாற்பத்தெட்டு றிவெட், மூன்று இரவு,
கைபேசி வெளிச்சம்.

பதிக்க வேணும் என்ற ஆசை எப்போது வந்ததென்று தெரியாது.
முன்பக்கத்துக்கு ஒரு சதமும் இல்லை,
முறுக்குக் கம்பியின் நட்டைத் தளர்த்தத் தளர்த்த
முகம் தானாகக் குனிந்தது.
பின்பக்கம்தான் பிடிவாதம்.
ஐந்து வில்லுத் தகட்டில் ஒன்றைக் கழற்றி
அச்சுக்கு மேலே கட்டை வைக்கவேணும்.
"பாலைமரத்தில செய்வமா?"
"சாக விருப்பமெண்டால் செய்."
பாலவேலையில் கழிந்த இரும்பைக்
குணாளன் இரண்டரை அங்குலத்துக்கு அறுத்துத் தந்தான்.
நீள யூ போல்ட் நாலு, வவுனியா, இரண்டாயிரத்து எண்ணூறு.
முழு வண்டியிலும் புதுசு அது மட்டும்தான்.
ரஜிதா அந்த வரிக்குக் கீழே
இரண்டு கோடு போட்டாள்.

"நிலத்தோட நிலமாக் கிடந்தது காணாதோ இன்னும்?"
பக்கத்து வளவுச் சிவகடாட்சம்
சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
நான் கிரீஸ் துடைக்கிற சீலையைத் தேடினேன்.
அது தோளில்தான் கிடந்தது.

ரஜிதா வந்து
ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே கையை விட்டாள்.
"நாலு விரல் போகுது. ரெண்டு காணும்."
நான் அவளைப் பார்த்தேன்.
"பாதியில விடுறதுக்கோ இவ்வளவும்?"

வள்ளத்துக்குப் பூசுகிற நீலம்,
முல்லைத்தீவில் அரைவிலை.
தூரிகைக் கோடுகள் வெயிலில் தெரியும்.
தெரியட்டும்.

முதல் ஓட்டம் ஆனையிறவுக்கு.
ஏ ஒன்பதில் அது ஓடவில்லை, வழிந்தது.
உப்புக்காற்று றிவெட்டுகளுக்குள்ளால் புகுந்து
அவள் பாவாடையை ஊதியது.
பெற்றோல் ஷெட்டில் பெடியள் குந்தியிருந்து
அடிப்பக்கம் பார்த்தார்கள்.
நான் எண்ணெய் மூடியைத் தேவைக்கு மேலே
மெதுவாகத் திருகினேன்.

வீடு திரும்புகையில்
பள்ளிக்கூடத்து வேகத்தடை.
வயிறு உரசின சத்தம்
இரண்டு பேருக்கும் பல்லில் கூசியது.
அன்றிலிருந்து அந்த இடத்தில் அவள் இறங்குவாள்,
வண்டி ஒரு விரல் உயரும்,
கடப்பேன், ஏறுவாள்.

இப்போது ஏழாம் மாதம்.
இறங்குவதற்கே நேரம் எடுக்கிறது.
"அந்தத் தகட்டைத் திரும்பப் போடட்டோ?"
"அப்ப கோழிக்கூட்டுக் கதவுக்கு?"
கழற்றின வில்லுத் தகடுதான் அங்கே முட்டு.
அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

முன்னால் நடந்துபோய் நிற்கிறாள்.
குனிய ஏலாது,
ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெடியனைப் பிடித்துக் குனியவைக்கிறாள்.
ஒரு கை இடுப்பில்,
மற்றக் கையால் வா என்கிறாள், வா,
நில்.
பின்னால் மணல் டிப்பர் ஹோன் அடிக்கிறது.
அடிக்கட்டும். நான் கிளச்சைப் பாதி விட்டபடி
அவள் விரல்களை மட்டும் பார்க்கிறேன்.
வா.

பெடியன் எழும்பி முழங்கால் தூசியைத் தட்டுகிறான்.
"தொடேல்லை அக்கா.
ஒரு நெருப்புப்பெட்டி போகும்,
படுக்கவைச்சா."