எத்தனை இலை

கானாடுகாத்தான் வீட்டில்
நாலு நாளாய்ப் பதினோரு எம்.எல்.ஏ.க்கள்.
அவர்கள் செல்போன்கள்
மேனேஜர் மேசையில், முறுக்கு டின்னுக்குள்,
விடிய விடிய உறுமுகின்றன.

இரண்டாம் கட்டில் கேரம்.
சிவப்பு விழுந்தது, ஃபாலோ விழவில்லை.
எடுத்துத் திரும்ப நடுவில் வைத்தார்கள்.
யாரும் சிரிக்கவில்லை.

முன்வாசலில் போலீஸ், கேமரா.
பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும்.
கட்டியவர்களுக்குக் கூட்டணி தெரியாது.

அந்தத் தாழ்ப்பாளை இழுத்தால்
தெருவே விழித்துக்கொள்ளும்.
இன்று பால் வாங்க இழுத்தேன்.
சத்தமே இல்லை.
விரலெல்லாம் நல்லெண்ணெய்.

முந்தானையில் துடைத்தபடி வருகிறேன்.
"மத்தியானத்துக்கு எத்தனை இலை?"
சமையல் சேவுகன் கேட்கிறார்,
கத்தியும் கையுமாக.

"பதினொண்ணே நறுக்குங்க.
போடும்போது பாத்துக்கலாம்."