கொருக்குப்பேட்டை கேட்

நேற்று வந்தது பொய்வலியாம்.
"நடந்துட்டு வாம்மா" என்று
ராயபுரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
வலிக்கும் பொய் சொல்லத் தெரியும்
என்பதே எனக்குப் புதுசு.

காலையில் சளியோடு ஒரு கோடு ரத்தம்.
லாரித் தண்ணீரில் நாலாவது குடம் நிறையுமுன்
இடுப்பைச் சுற்றி
நனைந்த வடக்கயிற்றை யாரோ முறுக்கினார்கள்.
குடத்தை வரிசையிலேயே விட்டு வந்தேன்.

மத்தியானம். கேட் போட்டிருக்கிறது.
ஆட்டோவில் நான், நாத்தனார் ஸ்டெல்லா,
கட்டைப்பையில் பழம்புடவைத் துணி.
எண்ணெய் டேங்கர்கள் ஊர்கின்றன.
ஒரு வலிக்குப் பதினெட்டு டேங்கர்.
விட்டு, முப்பது எண்ணுவதற்குள்
அடுத்தது.
அப்புறம் ரயில் நின்றுவிட்டது.
வலி நிற்கவில்லை.

சீட்டெல்லாம் ஈரம்.
"பாட்டில் கவுந்துச்சாம்மா?"
"பனிக்குடம்ணே."
டிரைவர் இறங்கி ஓடி
கேட்கீப்பரிடம் கத்துகிறார்.
அந்த மனுஷன் என்ன செய்வான்,
தலை போனால் வால் போக வேண்டாமா?

ஒரு குலுக்கல். மறுபடி சக்கரம்.
கடைசிப் பெட்டியில் கார்டு
பச்சைக் கொடியோடு என்னையே பார்த்துப் போகிறார்.

கேட் ஒரு விரல் திறக்கிறது.
மூன்று விரல்.
"முக்காதே, இப்பவே முக்காதேடி"
ஸ்டெல்லா என் முகத்தைப் பிடித்துக்கொள்கிறாள்.
தலையைக் குனிந்து
கம்பிக்கு அடியில் நுழைந்து
வெளியே வருகிறது
முதல் பைக்.